பண்டிகைக் கதை நேரம்: நூலகத்தில் முதன்முறை நடத்துபவருக்கு

"பண்டிகை வருதே, சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு கதை நேரம் வச்சிடலாமா?" என்று நூலகத்தில் யாரோ கேட்க, நீங்களும் சரி என்று சொல்லிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக நடத்துபவர்கள் பெரும்பாலும் முதலில் ஓடுவது அலங்காரத்துக்குத்தான். நானும் அப்படித்தான் ஓடினேன். காகிதத் தோரணம், பலூன், முகமூடி எல்லாம் தயார். கையில் ஆறு புத்தகம். மூன்றாவது புத்தகத்துக்குள் பாதிப் பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். முகமூடியைப் பார்த்து ஒரு இரண்டு வயதுக் குழந்தை வீறிட்டு அழுதது. நிகழ்ச்சி முடியும்வரை அது அம்மாவின் தோளைவிட்டு இறங்கவே இல்லை.

மறுவாரம் ஒரு பாட்டி பேரனோடு வந்தார். "வீட்டுக்கு வந்து என்ன சொன்னான் தெரியுமாம்மா? 'கதவைத் தட்டினோம்'னு ஒண்ணுதான் சொன்னான். அதையே நூறு தடவை சொன்னான்" என்றார். நடுவில் ஒரு கதையில், கதவைத் தட்டுவதுபோலத் தரையைத் தட்டச் சொல்லியிருந்தேன். தோரணமோ, ஆறு புத்தகமோ அவன் நினைவில் இல்லை. தட்டியது மட்டும் இருந்தது.

சின்னக் குழந்தை கதை நேரத்திலிருந்து வீட்டுக்கு எடுத்துப்போவது ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்று என்னவென்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால் மற்ற வேலைகள் தானாகவே அளவுக்குள் வந்துவிடும். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அதை வைத்துத்தான்.

நாள், நேரம், எத்தனை பேர்

பண்டிகைக்கு முந்தைய நாளில் வைக்காதீர்கள். வீட்டில் எல்லோரும் பரபரப்பாக இருப்பார்கள், குழந்தைகளும் களைத்திருப்பார்கள். ஒரு வாரம், பத்து நாள் முன்னால் வைத்தால் இன்னொரு நன்மையும் உண்டு: அன்று எடுத்துப்போகும் புத்தகத்தைப் பண்டிகைக்குள் நாலைந்து முறை வீட்டில் வாசித்துவிடலாம்.

காலை பத்தரை, பதினொரு மணி நல்ல நேரம். சாப்பிட்டு முடித்திருப்பார்கள், மதியத் தூக்கம் இன்னும் வந்திருக்காது. மொத்தம் அரை மணி நேரம் கதையும் பாட்டும், அதன்பின் விருப்பமுள்ளவர்களுக்குக் கால் மணி நேரம் கைவேலை. அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

இரண்டு வயதுக் குழந்தையையும் ஆறு வயதுப் பிள்ளையையும் ஒன்றாக உட்காரவைத்தால் இருவருக்குமே பொருந்தாது. முடிந்தால் மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒரு வேளை, மூன்றிலிருந்து ஆறு வயதுவரை ஒரு வேளை என்று பிரியுங்கள். முடியாவிட்டால் சின்னவர்களை மனத்தில் வைத்துத் திட்டமிட்டு, பெரியவர்களுக்கு வேலை கொடுங்கள்: அட்டைப் பொம்மையை எடுத்துத் தருவது, விளக்கு சுவிட்சைப் போடுவது. முதல் முறைக்குப் பதினைந்து குழந்தைகள் போதும். ஒவ்வொரு குழந்தையோடும் ஒரு பெரியவர் கட்டாயம் உடன் இருக்க வேண்டும். இதை அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். விட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடுபவர்கள் உண்டு.

பண்டிகைக்குள் இருக்கும் ஒன்று

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

ஒரு பண்டிகை எப்படி வந்தது, யார் யாரை வென்றார், எந்த மாதத்தில் வருகிறது என்பதெல்லாம் மூன்று வயதுக்கு எட்டாத சேதி. "நாளைக்கு" என்ற சொல்லே அந்த வயதில் தெளிவாகப் பிடிபடாது. அந்த வயதுக்குப் பண்டிகை என்றால் காத்திருப்பது. வீட்டில் என்னவோ நடக்கப்போகிறது என்று பெரியவர்களின் நடமாட்டத்திலிருந்தே தெரிந்துகொள்வது. ஊரிலிருந்து யாரோ வருவது, இருட்டில் வெளிச்சம், எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருப்பது. இவற்றில் ஒன்றை எடுங்கள். காத்திருத்தல், விருந்தாளி, வெளிச்சம், பகிர்தல், இவற்றில் எதுவும் அரை மணி நேரத்தை நிரப்பப் போதும். இரண்டை எடுத்தால் இரண்டும் நிற்காது.

இப்படிச் செய்வதற்கு இன்னொரு வலுவான காரணம் இருக்கிறது. உங்கள் ஜமுக்காளத்தில் உட்காரும் எல்லாக் குழந்தைகளின் வீட்டிலும் அந்தப் பண்டிகை இருக்காது. வேறு மதத்தினர் இருப்பார்கள். எதையும் கொண்டாடாத குடும்பம் இருக்கும். துக்கம் நடந்ததால் இந்த வருஷம் பண்டிகை இல்லாத வீடும் இருக்கும். இனம், மதம், மொழி, தேசம் எதுவும் பாராமல் எல்லோருக்கும் சமமாகச் சேவை தர வேண்டும் என்று சர்வதேச நூலகக் கூட்டமைப்பும் யுனெஸ்கோவும் 1994-இல் வெளியிட்ட பொது நூலக அறிக்கை சொல்கிறது. 2022-இல் அதைப் புதுப்பித்தபோதும் அந்தக் கொள்கை மாறவில்லை. விருந்தாளிக்காகக் காத்திருக்கும் கதை எல்லாக் குழந்தைக்கும் சொந்தம்.

குறிப்பிட்ட ஒரு பண்டிகையையே பேசக் கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. 1921-இல் நியூயார்க் பொது நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பூரா பெல்ப்ரே, ஸ்பானிஷ் பேசும் தீவான போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர். ஸ்பானிஷ் பேசும் குடும்பங்கள் நூலகத்தைத் தங்களுக்குரியதல்ல என்று நினைத்து ஒதுங்கியிருந்த காலம் அது. அவர் ஆங்கிலம், ஸ்பானிஷ் இரண்டு மொழிகளிலும் கதை சொன்னார், பொம்மலாட்டம் நடத்தினார், குழந்தை இயேசுவைத் தேடி வந்த மூன்று ராஜாக்களை நினைத்து அந்தக் குடும்பங்கள் கொண்டாடும் மூன்று ராஜாக்கள் பண்டிகையை நூலகத்திலேயே கொண்டாடவைத்தார். தன் வீட்டுப் பண்டிகையை நூலகத்தில் பார்க்கும் குழந்தைக்கு அந்த நூலகம் தன் இடமாகிவிடுகிறது. அதற்காகப் பண்டிகையின் பெயரைத் தாராளமாகச் சொல்லுங்கள். "நாம எல்லாரும் இப்படித்தான் கொண்டாடுவோம்" என்று சொல்வதைவிட "சில பேர் வீட்ல இப்படிக் கொண்டாடுவாங்க" என்று சொல்லுங்கள். கதை சொல்லலாம், படம் காட்டலாம். பிரார்த்தனை, பூஜை போன்றவற்றைக் குழந்தைகளைச் செய்யவைப்பது நூலகத்தின் வேலை அல்ல.

கேள்விகளிலும் கவனம் தேவை. "உனக்கு என்ன பரிசு வாங்கித் தந்தாங்க?", "புது டிரஸ் எடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டால், ஒன்றும் வாங்காத வீட்டுக் குழந்தை தலையைக் குனிந்துகொள்ளும். எல்லாக் குழந்தையும் பதில் சொல்லக்கூடிய கேள்வியாகப் பாருங்கள். "உங்க வீட்ல எது வெளிச்சமா இருக்கும்?" என்று ஒருமுறை கேட்டேன். டியூப்லைட், நிலா, அப்பாவோட போன், ஃபிரிட்ஜைத் திறந்தால் உள்ளே என்று வரிசையாக வந்தது. நாலு வயதுப் பெண் ஒருத்தி, "கதவுக்கு அடியில" என்றாள். இரவில் பக்கத்து அறையில் விளக்கு எரிந்தால் கதவிடுக்கில் தெரியும் கோட்டைச் சொல்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

புத்தகம் எடுப்பது

பண்டிகை நெருங்க நெருங்க அந்தப் புத்தகங்கள் அலமாரியில் இருக்காது. மூன்று வாரம் முன்னாலேயே உங்களுக்கு வேண்டியதை எடுத்து வைத்துவிடுங்கள். கதை நேரத்தன்று குழந்தைகள் எடுத்துப்போக இன்னொரு பதினைந்து இருபது புத்தகங்களையும் தனியே ஒதுக்கச் சொல்லுங்கள். பண்டிகை என்ற பெயர் அட்டையில் இருக்க வேண்டியதில்லை. பாட்டி வீடு, இருட்டு, பயணம், நிலா பற்றிய படக்கதைகளும் சேரலாம்.

வாசிக்கப்போகும் புத்தகத்துக்கு நான் வைக்கும் சோதனை எளியது. புத்தகத்தை ஒரு நாற்காலியில் திறந்து வைத்துப் பத்தடி தள்ளிப் போய்த் தரையில் உட்காருங்கள். படத்தில் யார், என்ன செய்கிறார் என்று தெரிகிறதா? தெரியாவிட்டால், எவ்வளவு அழகான புத்தகமாக இருந்தாலும் அது மடியில் வைத்து ஒரு குழந்தைக்கு வாசிக்கத்தான் ஏற்றது. அடுத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி வாய்விட்டு வாசியுங்கள். ஐந்து, ஆறு நிமிடத்தில் முடிய வேண்டும். பக்கத்துக்கு ஒன்றிரண்டு வாக்கியம், திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி, இந்த இரண்டும் இருந்தால் புத்தகம் பாதி வேலையைத் தானே செய்துவிடும்.

இப்படி மூன்று எடுங்கள், இரண்டை மட்டும் வாசிக்கத் திட்டமிடுங்கள். நீளமானது முதலில், குட்டியானது கடைசியில். மூன்றாவது கைவசம் இருக்கட்டும்.

வாசித்துப் பழகுவது

புத்தகத்தை வீட்டில் ஐந்து முறையாவது சத்தமாக வாசியுங்கள். பாதி வரிகள் மனப்பாடம் ஆகிவிட்டால் கண் பிள்ளைகள் மீது இருக்கும். புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடிக்காமல், தோளுக்குப் பக்கவாட்டில், படம் குழந்தைகளைப் பார்க்கும்படி பிடியுங்கள். தாளைக் கீழ் மூலையிலிருந்து புரட்டினால் கை படத்தை மறைக்காது. நீங்கள் வழக்கமாகப் பேசும் வேகத்தில் பாதிதான் வாசிக்கும் வேகம். பக்கம் புரட்டியதும் உடனே வாசிக்காதீர்கள். மூன்று விநாடி சும்மா இருங்கள். குழந்தைகள் முதலில் படத்தைத்தான் வாசிப்பார்கள்.

நடுவில் கேள்வி கேட்பதற்கு ஒரு நல்ல முறை இருக்கிறது. குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1988-இல் வெளியிட்ட ஆய்வு, குழந்தையைப் பேசவைத்து வாசிக்கும்போது அதன் பேச்சுத் திறன் வேகமாக வளர்வதைக் காட்டியது. அந்த முறையில் நாலு படி: தூண்டுவது, பதிலை மதிப்பிடுவது, பதிலை ஒரு சொல் நீட்டுவது, நீட்டியதைக் குழந்தையே சொல்லும்படி விடுவது. எழுத்தில் பெரிதாகத் தெரியும், நடப்பது இவ்வளவுதான்:

"இது யாரு?"
"யானை!"
"ஆமா, யானை. நனைஞ்ச யானை. எப்படி நனைஞ்சிருக்கும்?"
"மழை!"
"மழைல நனைஞ்ச யானை. எல்லாரும் சொல்லுங்க."
"மழைல நனைஞ்ச யானை!"

ஒரு புத்தகத்தில் இரண்டு, மூன்று இடத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள். பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தினால் கதையின் நூல் அறுந்துவிடும்.

வாயால் ஒரு கதை

இரண்டு புத்தகங்களுக்கு நடுவே, புத்தகம் இல்லாமல் ஒரு கதை சொல்லுங்கள். புதிதாக நடத்துபவர்கள் இதற்குத்தான் அதிகம் தயங்குவார்கள், ஆனால் பிள்ளைகள் எடுத்துப்போவது பெரும்பாலும் இதைத்தான். பலகை ஒன்றில் சொரசொரப்பான துணியை இழுத்து ஒட்டி, அட்டையில் வெட்டிய உருவங்களின் முதுகில் அதே துணித் துண்டையோ ஒட்டும் வெல்குரோவையோ வைத்துவிட்டால் உங்களுக்கு மேடை தயார். உருவங்களை வரிசையாக மடியில் அடுக்கி வைத்துக்கொண்டால் கதை மறக்காது, அடுத்த அட்டையே அடுத்த வரியைச் சொல்லித்தரும்.

நான் சொல்லும் கதை ஒன்றைத் தருகிறேன். எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆமை வீட்டில் விழா. வாசலைக் கூட்டியாச்சு, பாய் விரிச்சாச்சு. டொக் டொக்! யாரது? "நான்தான் முயல். ஆரம்பிக்கலாமா?" ஆமை சொன்னது: "இன்னும் ஒருத்தர் வரணும். கதவைச் சாத்தாதே!" டொக் டொக்! யாரது? "நான்தான் காக்கா. ஆரம்பிக்கலாமா?" "இன்னும் ஒருத்தர் வரணும். கதவைச் சாத்தாதே!" அடுத்து யானை. யானை தட்டினால் வீடே ஆடும், டொம் டொம்! அதற்கும் அதே பதில். பொழுது சாய்கிறது. வீடு இருட்டாகிறது. முயலுக்குக் காக்காவைத் தெரியவில்லை, காக்காவுக்கு யானையைத் தெரியவில்லை. "போதும் ஆமையாரே, கதவைச் சாத்துங்க" என்று எல்லோரும் சொல்கிறார்கள். "இன்னும் ஒருத்தர் வரணும். கதவைச் சாத்தாதே!" அப்போது... டிக். டிக். மெல்ல, மிக மெல்ல ஒரு தட்டல். யாரது? "நான்தான் மின்மினி. இவ்வளவு தூரம் பறக்க நேரமாயிடுச்சு." மின்மினி உள்ளே வந்தது. முயல் தெரிந்தது. காக்கா தெரிந்தது. யானை முழுசாகத் தெரிந்தது. "இப்ப ஆரம்பிக்கலாம்" என்றது ஆமை.

இவ்வளவுதான் கதை. "டொக் டொக்" வரும்போதெல்லாம் பிள்ளைகள் தரையைத் தட்டுவார்கள். முயலுக்கு விரல் நுனியால், காக்காவுக்கு முட்டியால், யானைக்கு இரண்டு உள்ளங்கையால். மின்மினிக்கு ஒரே ஒரு நகத்தால். அரங்கம் முழுக்க யானைச் சத்தம் போட்ட பிள்ளைகள், நகத்தால் தட்டும் அந்த நொடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமைதியாவதை நீங்களே பார்ப்பீர்கள். "சத்தம் போடாதீங்க" என்று ஒருமுறைகூடச் சொல்லாமலே அமைதி வந்துவிடும். மின்மினி வரும்போது சின்ன பேட்டரி விளக்கு ஒன்றைப் போடுங்கள். "இன்னும் ஒருத்தர் வரணும்" என்று தொடங்கி நிறுத்தினால், மூன்றாவது முறையிலிருந்து மீதியைப் பிள்ளைகளே முடிப்பார்கள். கதை சொல்லி முடித்ததும் நீதி என்ன என்று கேட்காதீர்கள்.

பாட்டும் விரல்களும்

உட்கார்ந்து கேட்பது, எழுந்து ஆடுவது, மறுபடி உட்காருவது என்று மாறி மாறி வர வேண்டும். எழுப்பிவிட்ட பிள்ளைகளை மறுபடி உட்காரவைக்க விரல் பாட்டைப்போல உதவுவது வேறொன்றில்லை. இது நானே கட்டியது, எந்த மெட்டிலும் நிற்கும்:

ஒரு விளக்கு ஏத்தலாமா?
ரெண்டு விளக்கு ஏத்தலாமா?
மூணு விளக்கு, நாலு விளக்கு,
அஞ்சும் சேர்ந்து மின்னலாமா?
காத்து வந்தா என்ன செய்வோம்?
கையை வச்சு மூடிக்குவோம்!
காத்துப் போச்சு, கையைத் திற,
கண்ணு முன்னால் வெளிச்சம் பார்!

முதல் நாலு வரிக்கு ஒவ்வொரு விரலாக நீட்டுவது, ஐந்தாவது வரியில் எல்லோரும் ஊதுவது, ஆறாவதில் மற்றக் கையால் விரல்களைப் பொத்துவது, கடைசியில் திறப்பது. முதலில் மெதுவாக, இரண்டாம் முறை கொஞ்சம் வேகமாக, மூன்றாம் முறை ரகசியமாகப் பாடுங்கள். உங்கள் குரல் எப்படி இருந்தாலும் பாடுங்கள். பெற்றோர் வீட்டில் பாடத் துணிவது உங்களைப் பார்த்துத்தான். குழந்தைகளை எழுத்தறிவுக்குத் தயார்ப்படுத்த அமெரிக்கப் பொது நூலகங்கள் பெற்றோருக்குச் சொல்லித்தரும் திட்டத்தில் ஐந்து பழக்கங்கள் இருக்கின்றன: பேசுவது, பாடுவது, வாசிப்பது, எழுதுவது, விளையாடுவது. பாட்டில் சொற்கள் அசையசையாகப் பிரிந்து காதில் விழுவதால்தான் அதற்கு அந்த இடம்.

இடமும் பாதுகாப்பும்

ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் உங்கள் முகமும் புத்தகமும் நிழலாகத்தான் தெரியும். கதவும் உங்களுக்குப் பின்னால் வேண்டாம், வருபவர் போகிறவரை எல்லாம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தரையில் பாய் விரித்து, நீங்கள் தாழ்வான முக்காலியில் உட்காருங்கள். தரையில் உட்கார முடியாத தாத்தா பாட்டிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஓரமாக நாலைந்து நாற்காலி. சக்கர நாற்காலியில் வரும் குழந்தைக்குப் பின்வரிசை ஒதுக்காதீர்கள், முன்வரிசையில் இடம் விடுங்கள். செருப்பு எங்கே விடுவது, கழிப்பறை எங்கே, தள்ளுவண்டியை எங்கே நிறுத்துவது என்று வாசலில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தால் போதும்.

நியூயார்க் பொது நூலகத்தின் பழைய கதை நேரங்களில் கதைசொல்லி மெழுகுவத்தி ஒன்றை ஏற்றித் தொடங்குவார், முடிவில் குழந்தைகள் மனத்தில் ஓர் ஆசையை நினைத்துக்கொண்டு அதை ஊதி அணைப்பார்கள். கதையின் வாசலாக ஒரு வெளிச்சம் என்ற அந்த எண்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள், நெருப்பை வேண்டாம். பேட்டரி விளக்கே போதும். ஆனால் அதன் பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பொத்தான் வடிவ பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் புண்ணாகும் அபாயம் இருக்கிறது. மூடி கையால் திறக்கும்படி இருந்தால் அந்த விளக்கு உங்கள் கையைவிட்டுப் போகவே கூடாது.

பலூன் வேண்டாம். வெடித்தால் பயம், வெடித்த ரப்பர்த் துண்டு வாய்க்குள் போனால் ஆபத்து. மூன்று வயதுக்குட்பட்டவர்கள் இருந்தால் மணி, பொத்தான், ஜிகினாத் துண்டு எதுவும் கைவேலையில் இருக்கக் கூடாது. சுமார் 3 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள் முழுசாகப் போய்விடும் எந்தப் பொருளும் தொண்டையை அடைக்கலாம் என்பது பொம்மைப் பாதுகாப்பு விதிகளில் வைத்திருக்கும் அளவு. முகமூடி, வேஷம் கட்டிய ஆள், திடீரென்று வரும் இசை ஆகியவை இந்த வயதுக்குக் குதூகலத்தைவிடப் பயத்தையே அதிகம் தரும். தின்பண்டமும் கொடுக்க வேண்டாம். யாருக்கு எது ஒவ்வாது என்று உங்களுக்குத் தெரியாது.

அந்த அரை மணி நேரம்

இதை ஒரு அட்டையில் எழுதி முக்காலிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று நிமிடம் வரவேற்புப் பாட்டு, ஒவ்வொரு குழந்தையின் பெயரும் ஒருமுறை வரும்படி. பிறகு விளக்கைப் போடுவது. ஆறு நிமிடம் முதல் புத்தகம். மூன்று நிமிடம் எழுந்து ஆடுவது: விருந்தாளிக்காக வீட்டைப் பெருக்கலாம், ஜன்னலைத் துடைக்கலாம், எக்கி எட்டிப் பார்க்கலாம். இரண்டு நிமிடம் விரல் பாட்டு. ஆறு நிமிடம் ஆமை கதை. மறுபடி விரல் பாட்டு. ஐந்து நிமிடம் இரண்டாவது புத்தகம். விளக்கை அணைத்து, வழியனுப்பும் பாட்டு. கணக்குப் போட்டால் அரை மணிக்கு இரண்டொரு நிமிடம் குறையும். அது தாமதமாகத் தொடங்குவதற்கு.

ஆரம்பத்தில் பெரியவர்களிடம் மூன்றே வரி சொல்லுங்கள்: "குழந்தை எழுந்து நடந்தா பரவாயில்லை. அழுதா கொஞ்ச நேரம் வெளியே போய்ட்டு மறுபடி வாங்க. பாட்டு வந்தா நீங்களும் பாடணும்." போனைப் பைக்குள் வைக்கச் சொல்வதைவிட, கையைத் தட்டவைத்தால் போன் தானே உள்ளே போய்விடும். படம் எடுப்பதாக இருந்தால் மற்றக் குழந்தைகளின் முகம் விழாமல் எடுக்கச் சொல்லுங்கள். நூலகத்துக்காக நீங்கள் எடுப்பதானால் பெற்றோரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள்.

கலைந்தால்

கலையும். புத்தகத்துக்கு நேர்முன்னால் வந்து நின்று படத்தைத் தொடும் குழந்தை எல்லாக் கூட்டத்திலும் ஒன்று உண்டு. "பின்னாடி போ" என்று விரட்டாதீர்கள். "எனக்குப் பக்கத்துல உட்காந்து பக்கம் புரட்டித் தர்றியா?" என்று கேளுங்கள். "இந்தக் கதை எனக்குத் தெரியும்!" என்பவனிடம், "அப்ப கடைசியை ரகசியமா வச்சுக்க, சரியா?" என்று கூட்டாளியாக்கிவிடுங்கள். ஓடுகிறவன் ஓடட்டும், அவன் காது உங்களிடம்தான் இருக்கும். மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஒரு பையன் முழுக் கதையையும் வீட்டில் சொல்லிக்காட்டியதாக அவன் அப்பா சொல்லியிருக்கிறார்.

எல்லோருமே நெளிகிறார்கள் என்றால் புத்தகம் பொருந்தவில்லை என்று அர்த்தம். பாதியில் மூடிவிடுங்கள். "மீதியை வீட்ல வாசிச்சுப் பாருங்க" என்று சொல்லிப் பாட்டுக்குப் போங்கள். தப்பே இல்லை.

கைவேலை

எல்லாக் குழந்தையும் ஒரே மாதிரி செய்து முடிக்கும் வேலையாக வைத்தால் அதைச் செய்வது அம்மாக்கள்தான். காகிதக் கூண்டு விளக்கு நல்ல தேர்வு. ஒரு ஏ4 தாளைக் கொடுத்துக் குழந்தை விருப்பப்படி கிரேயானில் கிறுக்கட்டும், அவர்களுடைய பங்கு இதுதான். பிறகு பெரியவர் தாளை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மடிப்புப் பக்கமிருந்து விரல் அகலத்துக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டே போக வேண்டும், எதிர் ஓரத்தில் இரண்டு விரல் அகலம் விட்டுவிட வேண்டும். விரித்துச் சுருட்டி, ஓரத்தை ஒட்டினால் கூண்டு விளக்கு. மேலே ஒரு பட்டைக் காகிதம் கைப்பிடி. கத்தரிக்கோல் பெரியவர் கையில் மட்டும். கிறுக்கத் தொடங்கும் முன்பே பெயர் எழுதிவிடுங்கள்.

கைவேலை மேசைக்கும் வாசலுக்கும் நடுவில்தான் ஒதுக்கி வைத்த புத்தகங்களைப் பரப்ப வேண்டும், அட்டைப்படம் மேலே தெரியும்படி. "ஒவ்வொரு வாசகருக்கும் அவர் நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர்" என்ற நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் விதிகள் 1931-இல் அச்சேறியவை. மூன்று வயது வாசகரின் உயரம் மூன்றடி என்பதால் அந்த மேசை தாழ்வாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் சேர்க்கை. உறுப்பினர் அட்டை இல்லாதவர்களுக்கு அங்கேயே படிவம். விரல் பாட்டை ஒரு சின்னத் தாளில் அச்சடித்துப் புத்தகத்துக்குள் செருகிக் கொடுங்கள்.

எல்லோரும் போனபின்

அன்றைக்கே பத்து நிமிடம் உட்கார்ந்து எழுதிவையுங்கள்: எத்தனை குழந்தைகள், எத்தனை பெரியவர்கள், எந்தப் பக்கத்தில் சிரித்தார்கள், எங்கே நெளிந்தார்கள், எத்தனை புத்தகம் வெளியே போனது. அடுத்த பண்டிகைக்குத் திட்டமிடும்போது இந்த ஒரு பக்கம் பெரிய துணை.

துணிப் பலகையை மட்டும் உடனே கழற்றிவிடாதீர்கள். பேருந்து கிடைக்காமலோ, குழந்தை தூங்கி எழ நேரமாகியோ, எல்லாம் முடிந்தபின் மூச்சிரைக்க வந்து நிற்கும் குடும்பம் ஒன்று பெரும்பாலும் இருக்கும். ஐந்து அட்டைகளையும் விளக்கையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருங்கள். அந்த ஒரு குழந்தையை உட்காரவைத்து ஆமை கதையை முதலிலிருந்து சொல்ல ஆறு நிமிடம் போதும்.